தபால்காரர் எழுதிய கடுதாசி

கெட்சியாள் டீச்சருக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் படித்த பிள்ளைகளிலேயே மூத்த பிள்ளைக்கு ஐம்பத்தாறு.

அந்த மூத்த பிள்ளையின் பெயர் இன்பராஜ். ஆனந்தவிளையில் இருபத்தெட்டு வருஷம் தபால்காரராக இருந்தவர். அத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சபைக் கோயிலில் வேதபாடம் வாசித்தவரும் அவர்தான். அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

பிறகு கண் அழுத்த நோய் வந்தது. முதலில் கடிதத்தின் பின்கோடு மங்கியது. அப்புறம் தெருப் பெயர் மங்கியது. அப்புறம் முகங்கள்.

வேலையை விட்டார். வேதபாடத்தை விட்டார். கோயிலுக்குப் போவதையும் விட்டார். ஒரு நாள் போதகரே வீடு தேடி வந்தார்.

"விரலால வாசிக்கலாம், அண்ணாச்சி. பக்கத்து ஊருல பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்காங்க. பெரிய வெள்ளி ஆராதனையில வேதபாடம் நீங்கதான் வாசிக்கணும். நான் வேற யாரையும் கேக்கப் போறதில்ல" என்றார். காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அதனால் சனிக்கிழமைதோறும் மனைவி ரெஜினாள் அவரைப் பஸ்ஸில் ஏற்றி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார். கெட்சியாள் டீச்சருக்கும் பார்வை கிடையாது. ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

அங்கே எழுதுகிற முறையே வேறு. மை கிடையாது. ஒரு பலகையில் தடித்த தாளைப் பொருத்துவார்கள். கட்டம் கட்டமாக வெட்டிய உலோகச் சட்டத்தை அதன்மேல் பூட்டுவார்கள். இதற்குச் சிலேட்டு என்று பெயர். மழுங்கிய ஊசியால் அந்தக் கட்டங்களுக்குள் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். இரண்டு வரி நிரம்பியதும் சட்டத்தைக் கீழே இறக்கி, அடுத்த இரண்டு வரி.

குத்துகிற பக்கத்தில் குழிதான் விழும். மேடு மறுபக்கத்தில் எழும்பும். விரல் படிப்பது மேட்டை. ஆகவே எழுதும்போது வலமிருந்து இடமாக, எல்லாவற்றையும் பக்கம் மாற்றிக் குத்திக்கொண்டு போக வேண்டும். கடைசியில் தாளை வெளியே எடுத்துத் திருப்பினால்தான் எழுத்து நேராக வரும்.

இன்பராஜுக்கு இது பிடிபடவே இல்லை. முதல் நாள் டீச்சர் சொன்னதைக் காதில் வாங்காமல், ஐம்பது வருஷப் பழக்கத்தில் இடமிருந்து வலமாகவே குத்தினார். டீச்சர் தாளை எடுத்துத் திருப்பி விரலை ஓட்டினார்.

"அண்ணாச்சி, இது எந்த ஊரு பாஷை?"

"என் பேருதான் டீச்சர்."

"இப்படி ஒரு பேரோட கடுதாசி வந்தா நீங்களே 'விலாசதாரர் இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிருப்பீங்களே."

இன்பராஜ் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரெஜினாள், யார் சிரிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரத்திலிருந்து டீச்சர் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தானும் எழுதத் தொடங்கினார். டக், டக், டக். அந்த ஊசி வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் நகர்வது சத்தத்திலேயே தெரியும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இன்பராஜின் ஊசியும் பின்னாலேயே போனது. இப்படி மூன்று மாதம் ஓடியது.

பெரிய வெள்ளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை, இன்பராஜ் சிலேட்டைத் துணிப்பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, படியேறும்போது உங்க செருமல் சத்தத்தைக் காணோமே?" என்றார் டீச்சர்.

இன்பராஜ் பையை மேசைமேல் வைத்தார்.

"சிலேட்டைக் கொடுத்துட்டுப் போக வந்தேன், டீச்சர்."

"உடைஞ்சு போச்சா?"

"இல்ல. இனி நான் வரல. பெரிய வெள்ளிக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிருவேன். கோயில் பக்கமும் இனி இல்ல."

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது. பஸ்ஸுல வரும்போதுதான் முடிவு பண்ணினேன்."

"உட்காருங்க."

"உட்கார வரல, டீச்சர்."

"நின்னுக்கிட்டாவது சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

இன்பராஜ் கொஞ்ச நேரம் மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

"இடது கண்ணுல ஒரு துளி வெளிச்சம் மிச்சம் இருந்துது. பெருசா ஒண்ணும் இல்ல. மங்கலா ஒரு சதுரம். எங்க வீட்டு ஜன்னல். காலையில முழிச்சதும் அது தெரியும். விடிஞ்சுட்டுன்னு தெரிஞ்சுக்குவேன்."

"ம்."

"ஜெபத்துல நான் வேற எதுவும் கேக்கல, டீச்சர். எழுத்து வேண்டாம், முகம் வேண்டாம், அந்த ஜன்னலை மட்டும் விட்டுவையும்னு கேட்டேன். செவ்வாய்க்கிழமை முழிப்பு வந்துது. இருட்டா இருந்துது. இன்னும் விடியலபோலன்னு படுத்தே கிடந்தேன். ரெஜினா காப்பியோட வந்து, மணி எட்டு ஆச்சு, இன்னும் என்ன படுக்கைன்னு கேட்டா."

மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் அவகிட்டச் சொல்லல. வெயில் அடிக்கா, மூட்டமான்னு அவ கேட்டா, குத்துமதிப்பா ஏதாவது சொல்லிக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் மூக்கை உறிஞ்சினார்.

"எல்லாத்துக்கும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் உண்டுங்காங்க. நானே கோயில்ல நின்னு எத்தனையோ தடவை அதை வாசிச்சிருக்கேன். ஒரு கிழவனோட ஜன்னலை எடுக்கதுல என்ன நோக்கம் டீச்சர்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சிலேட்டை எடுத்துக்கிட்டுப் பேசாமப் போயிருதேன்."

டீச்சர் பையிலிருந்து சிலேட்டை வெளியே எடுத்தார். சட்டத்தின் நாலு மூலையையும் விரலால் தடவினார்.

"சிலேட்டைத் திருப்பிக் கொடுக்கவங்க அதுல ஏதாவது எழுதிக் காட்டிட்டுத்தான் கொடுக்கணும். சட்டம் வளைஞ்சிருக்கான்னு பாக்கணும்ல."

"இப்படி ஒரு விதி இருக்கா?"

"இன்னைல இருந்து இருக்கு."

இன்பராஜுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டார். டீச்சர் புதுத்தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் பொருத்திச் சட்டத்தைப் பூட்டினார்.

"என்ன எழுத?"

"எங்கிட்ட என்ன கேட்டீங்களோ, அதை அவருகிட்டக் கேட்டு எழுதுங்க. இருபத்தெட்டு வருஷம் அடுத்தவங்க கடுதாசியைச் சுமந்தாச்சு. உங்க கடுதாசி ஒண்ணு போடுங்களேன்."

"ஆண்டவரைப் போய் இப்படிக் கேக்கலாமா?"

"பெரிய வெள்ளிக்கு உங்களை வாசிக்கச் சொல்லியிருக்க பகுதியில, சிலுவையில இருந்துகிட்டு ஒருத்தர் 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னு கேக்காரே. அவரு கேட்டது தப்பா?"

இன்பராஜ் ஊசியை வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். குத்தத் தொடங்கினார். பூட்டிய கதவைத் தட்டுவதுபோல ஓங்கி ஓங்கிக் குத்தினார். பாதி வரியில் நிறுத்தினார்.

"தாள் கிழிஞ்சிருமா டீச்சர்?"

"கிழியாது. எவ்வளவு தாங்கும்னு பார்த்துத்தான் எடுத்து வச்சேன். மெல்லக் குத்தினாத்தான் விரலுக்குத் தட்டுப்படாது."

அவர் மறுபடியும் குத்தினார். ஜன்னலை ஏன் எடுத்தீர் என்று குத்தினார். நான் வேறு என்ன கேட்டேன் என்று குத்தினார். இரண்டு வரி நிரம்பிவிட்டது. ஊசியைக் கீழே வைத்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"எழுதியாச்சா?"

"ஆச்சு."

"வாசிங்க, கேப்போம்."

"சிலேட்டுக்குள்ள இருக்கே."

"இருக்கட்டும். கட்டத்துக்குள்ள விரலை வச்சுப் பாருங்க."

இன்பராஜ் விரலை வைத்துத் தடவினார்.

"குழி குழியா இருக்கு. ஒண்ணும் புரியல."

"நல்லாப் பாருங்க."

"எத்தனை தடவை பார்த்தாலும் குழிதான் டீச்சர்."

"அப்போ தப்பா எழுதிட்டீங்க. இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுருவோம்."

"தப்பா?" இன்பராஜின் குரல் உயர்ந்தது. "ஒரு புள்ளிகூடத் தப்பில்ல! சிலேட்டுக்குள்ள இருக்கும்போது எப்படி வாசிக்க முடியும்? குழிதான் தெரியும். வெளிய எடுத்துத் திருப்பினாத்தானே எழுத்து தெரியும்? முத நாளே நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க!"

கோயில் முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரல். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். வராந்தாவில் ரெஜினாள் எழுந்து நின்றார்.



இன்பராஜின் கை சிலேட்டின்மேல் அப்படியே இருந்தது. பக்கத்து வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு மறுபடியும் தொடங்கி, முடிந்து, எட்டாம் வாய்ப்பாடும் வந்துவிட்டது.

"சரியான ஆளு டீச்சர் நீங்க" என்றார் மெல்ல. "என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலையே, அண்ணாச்சி."

"ஆனா இது பள்ளிக்கூடத்துத் தாள். போனது என் வீட்டு ஜன்னல். ரெண்டும் ஒண்ணாயிருமா?"

"ஆகாது."

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கேன்" என்றார் டீச்சர். "முத நாள் இடமிருந்து வலமா எழுதினீங்க. மறுவாரமே மாத்திக்கிட்டீங்க. ஏன்? விஷயம் புரிஞ்சுதா?"

"எங்க புரிஞ்சுது? இன்னைக்கு வரைக்கும் பக்கம் மாத்துறதுல தலை சுத்துது."

"பின்னே?"

"நீங்க பக்கத்துல உட்கார்ந்து அதே மாதிரி குத்திக்கிட்டு இருந்தீங்க. சத்தம் கேட்டுது. இந்தப் பிள்ளையும் நம்மளோட சேர்ந்து குழியைத்தானே குத்துது, நம்மளை ஏமாத்தாதுன்னு நினைச்சேன்."



இன்பராஜ் கொஞ்சம் தயங்கினார். மூன்று மாதமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட ஒன்று அவரிடம் இருந்தது.

"டீச்சர், ஏழு வயசுல காய்ச்சல்னு சொன்னீங்க."

"ஆமா. எனக்கும் தம்பிக்கும் ஒரே நாள்ல வந்துது. எனக்குக் கண்ணு போச்சு. அவன் போயிட்டான். நாலு வயசு."

தம்பியைப் பற்றி அவர் அன்றுதான் கேள்விப்படுகிறார்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா? இருபத்துநாலு வருஷமாக் கேக்கேன். அவன் இருந்தா இந்நேரம் மீசை வச்சிருப்பான்ல, அதையும் சேர்த்துக் கேக்கேன்."

"உங்க தாளைத் திருப்பிக் காட்டிட்டாரா?"

"இல்ல, அண்ணாச்சி. இன்னும் சிலேட்டுக்குள்ளதான் இருக்கு."

அதைச் சொன்ன குரலில் வருத்தம் இருந்தது. பயம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய், நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் கொடுத்தவர் இன்பராஜ். குரலை வைத்தே மனசைச் சொல்லிவிடுவார்.

நாற்காலி ஒன்று அவருக்குப் பக்கத்தில் இழுபட்டது. ஒரு தாள் சரசரத்தது. ஒரு சட்டம் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு வலப்பக்கத்திலிருந்து டக், டக் என்று ஊசி நகரத் தொடங்கியது.

இன்பராஜ் மேசையைத் துழாவித் தன் ஊசியைக் கண்டுபிடித்தார். மறு கை சிலேட்டின் பூட்டுக்குப் போனது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சர், ரெண்டு வரியும் நிரம்பிட்டு. தாளை வெளிய எடுத்துரட்டுமா?"

பக்கத்தில் ஊசிச் சத்தம் நிற்கவில்லை.

"அதுக்குள்ளயா, அண்ணாச்சி? கீழ இன்னும் எவ்வளவு இடம் இருக்கு. சட்டத்தை இறக்கிக்கோங்க."