சாமி வாசலில் மருந்துத் தொட்டி

கரட்டுச் சாமியின் மடத்து வாசலில் புதிதாக ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. நான்கு விரல் ஆழம். அதில் கத்தரிப்பூ நிறத்தில் மருந்துத் தண்ணீர். கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பண்ணைக்குள் நுழைகிறவன் எவனானாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காலோடு ஒட்டி வருகிற நோய் அங்கேயே சாகும்.

அர்த்தநாரி அதைப் பார்த்தான். நனைக்காமல் தாண்டிப் போனான். இனி நனைத்து எதைக் காப்பாற்ற? அவன் கொட்டாயில் ஒரு கோழி மிச்சமில்லை.

அவன் மடியில் ஒரு ரூபாய்க் காசு இருந்தது. காளியம்மன் கோயில் படியில் அதை வைத்து, கெடுத்தவன் பெயரைச் சொல்லி, உளியால் இரண்டாக வெட்டிப் போட வேண்டும். வெட்டிவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் அதோடு முடிந்தது. அந்த வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்க முடியாது, எழவுக்குப் போய் நிற்க முடியாது. சொல்ல இருந்த பெயர் மாரப்பன். கூடப் பிறந்த தம்பி. அர்த்தநாரிக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு அவனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அந்தத் தம்பியின் மகன்தான். அதெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான். சாமி உத்தரவு கொடுத்தால் போதும்.

சாமி பாயில் உட்கார்ந்து வேப்பங்குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். அர்த்தநாரி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணன் தம்பி இரண்டு பேர் கொட்டாய்க்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். முதலில் தம்பியின் கோழிகளுக்குத்தான் வந்தது. மூக்கில் சளி, கண்ணில் நீர். கழுத்தை மேலே நீட்டி, அலகைப் பிளந்து, கர் கர் என்று இழுப்பு. நாலைந்து நாளில் இவன் கொட்டாயிலும் அதே சத்தம். கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது மூச்சுக்குழாயைப் பிடிக்கிற வைரஸ், இருமலில் போகும், சளியில் போகும், காலிலும் முட்டை அட்டையிலும் தண்ணீரிலும் போகும், வந்த பிறகு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள்.

"அவன்தான் சாமி. மேல்காத்து அடிக்கிற நேரமாப் பாத்து, அவன் கொட்டாயில என் பக்கம் தொங்குற படுதாவைச் சுருட்டி உட்டுட்டான். எனக்கும் போகட்டும்னு."

சாமி குச்சியைத் திருப்பிச் சீவினார். "அவன் கொட்டாய் உனக்கு எந்தப் பக்கம்?"

"மேக்கேங்க."

"அப்ப உன் கொட்டாயில மேக்குக் கோடியிலதானே மொதல்ல இழுத்திருக்கணும்."

சாமி சீவுவதை நிறுத்தினார்.

"எங்க இழுத்துச்சு?"

"கெழக்குக் கோடிங்க. வாசலை ஒட்டுன வரிசை."

"வாசல்ல என்ன நடந்துச்சு?"

"ஒன்னும் நடக்கலீங்க சாமி. நீங்க வந்தீங்க."

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது.

நடந்தது இதுதான். தன் கோழிகள் இரும ஆரம்பித்ததும் மாரப்பன் சாமியை வரவழைத்தான். சாமி வரிசை வரிசையாக நடந்து விபூதி போட்டார். அண்ணன் இருக்கும்போது தம்பி கொட்டாயில் சாமி கால் வைப்பதா என்று அர்த்தநாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பியின் கொட்டாய் வாசலிலேயே போய் நின்றான். சாமி வெளியே வந்ததும் வராததுமாகத் தன் கொட்டாய்க்கு அழைத்துக்கொண்டு நடந்தான். வாசலில் அவன் பண்ணையாள் பொன்னாயி மருந்துத் தொட்டியைக் காட்டினாள். சாமி பாதத்தைக் கழுவி நாங்கள் குடிக்கிறோம், நீ அதை மருந்தில் முக்கச் சொல்கிறாயா என்று அர்த்தநாரி அவளைப் பார்த்துக் கத்திவிட்டு, சாமியைக் குழந்தை மாதிரி இரண்டு கையில் தூக்கித் தொட்டியைத் தாண்டினான்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாரப்பன் கூப்பிட்டான். "அண்ணா, இன்னைக்கு வேண்டாம். என் கோழிக மூச்சு வாங்குது. சாமி குளிச்சுப்போட்டு நாளைக்கு வரட்டும்."

அர்த்தநாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எரியுது பாரு அவனுக்கு" என்றான். கூட நின்ற ஆட்கள் சிரித்தார்கள். கூலி வாங்குகிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

வாசலை ஒட்டிப் பலகை போட்டு, சாமியை உட்கார வைத்து, தாம்பாளத்தில் பாதம் கழுவினான். அந்தத் தண்ணீரை மாவிலையால் தொட்டு முதல் வரிசையிலிருந்து தெளித்தான். மிச்சத்தைக் கோழிகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினான். ஒரு கோழி பாக்கியில்லாமல் போய்ச் சேரட்டும் என்றான். போய்ச் சேர்ந்தது.

மடத்தில் சாமி குச்சியைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். "காசை எடு."

அர்த்தநாரி எடுத்தான்.

"வெட்டிக்க. உத்தரவு குடுத்தாச்சு. யார் பேரைச் சொல்லி வெட்டப்போறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அவன் காசைப் பார்த்துக்கொண்டே நின்றான். தம்பியின் மேல் இருந்த ஆத்திரம் இறங்க ஓர் இடம் தேடியது. அது எதிரிலேயே பாயில் உட்கார்ந்திருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. அவன் கத்துனது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீ தூக்கியிருந்தே. எறங்க மனசு வரலை."

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. பக்கத்து ஊரில் இன்னொரு பண்ணையில் கோழிகள் இருமுகின்றனவாம். விபூதிக்குக் கூப்பிட ஆள் வந்திருந்தான். சாமி எழுந்தார். விபூதிப் பையை வந்தவன் கையில் கொடுத்து, "நீயே கொண்டு போ. நான் வரலை" என்று அனுப்பிவிட்டார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு, மாரப்பன் வீட்டுக்கு நடந்தே போவதாகச் சொல்லி வாசலுக்கு வந்தார்.

அர்த்தநாரி பின்னாலேயே வந்தான். "என் கொட்டாய் காலியான பொறவு தொட்டி கட்டியிருக்கீங்க. எங்க கால் உங்க மடத்தைக் கெடுத்துருமுன்னா?"

சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்து, இரண்டு காலையும் அந்தக் கத்தரிப்பூத் தண்ணீருக்குள் வைத்து நின்றார்.

"இது உள்ள வர்றவங்களுக்கு இல்லை, அர்த்தநாரி. நான் வெளிய போறதுக்கு."