ஆற்றுக்கு நாடி பார்த்த அமைச்சர்

முன்னொரு காலத்தில், வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் மறைந்து கிடக்கும் கருமலை நாட்டைக் கோதண்டசேனன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மலையிலிருந்து இறங்கும் வெண்ணுரையாறும் கிட்டத்தட்ட அவரைப் போலத்தான்.

அவருடைய அமைச்சர் குழைக்காதர் அந்த ஆற்றை நம்பாதவர். மலை உச்சி முதல் தலைநகர் வரை ஏழு இடங்களில் கோடு போட்ட அளவுக்கல் நட்டு வைத்தார். மலையூர்களில் மழைநீர் பிடிக்கச் சட்டிகள் வைத்தார். எந்தக் கல்லில் எத்தனை கோடு தண்ணீர், எந்தச் சட்டியில் எத்தனை விரல் மழை என்று தினமும் அவருக்குச் செய்தி வந்துவிட வேண்டும்.

அரசவையில் ரஞ்சித ராயர் என்று ஒருவர் இருந்தார். அமைச்சர் பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "அமைச்சர் ஆற்றுக்கு நாடி பார்க்கிறாராம்! கஷாயம் எப்போது கொடுப்பார்?" என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைப்பார். ராஜாவும் சிரிப்பார்.

அந்த வருஷம் ராஜாவின் பிறந்தநாளுக்கு ஆற்று மணலிலேயே பந்தல் போட்டார்கள். காலையிலேயே ஊர் முழுக்க மணலில் கூடிவிட்டது. தலைநகரில் நல்ல வெயில். ஆனால் மலையில் நாலு நாளாக விடாத மழை, சட்டிகள் நிரம்பி வழிகின்றன என்று செய்தி. குழைக்காதர் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மூன்றாம் கல்லைப் பார்த்துக்கொள்ளும் கொற்றி என்ற பெண், மலையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தாள்.

"ஐயா, நேற்று எட்டுக் கோடு தண்ணீர். இன்றைக்கு விடியும்போது பார்க்கிறேன், ரெண்டே கோடு! கல்லின் அடி தெரிகிறது. மீனெல்லாம் பாறையில் துடிக்கிறது."

"அங்கே மழை விட்டுவிட்டதா?"

"எங்கே ஐயா விட்டது? கொட்டுகிறது!"

அமைச்சருக்குப் புரிந்துவிட்டது. மழை கொட்டும்போது ஆறு வற்றுமா? மேலே எங்கோ மலை சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அத்தனை தண்ணீரும் அந்த மண்ணுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறது. மண் விட்டுக்கொடுத்தால் மொத்தமும் ஒரேயடியாக வரும்.

ராஜாவிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீர்களா மகாராஜா! தண்ணீர் ஏறினாலும் ஆபத்தாம், இறங்கினாலும் ஆபத்தாம்! உங்கள் விருந்தைக் கெடுக்க இவருக்கு வேறு சாக்கே கிடைக்கவில்லை!"

ராஜாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "குழைக்காதரே, உச்சிவேளைக்குள் வெள்ளம் வராவிட்டால் உமக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவேன்!"

உச்சிவேளை வரை இத்தனை பேரும் மணலில் இருப்பதா? ராஜாவே உட்கார்ந்திருக்கும்போது யார் எழுந்து போவார்கள்? குழைக்காதர் சட்டென்று தலைகுனிந்தார்.

"உச்சிவேளை எதற்கு அரசே? தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டனையை இப்போதே கொடுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மணலிலேயே ஒரு மூலையில் முடித்துவிடுங்கள். கோயில் மேட்டில் மட்டும் வேண்டாம். அங்கே வைத்தால் ஊரே பார்க்கும்."

ராயர் துள்ளி எழுந்தார். "ஆகாது! கோயில் மேட்டில்தான்! ஊரே பார்க்கத்தான் வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

"படுக்கையில் கிடக்கும் நோயாளிகளாவது என் அவமானத்தைப் பார்க்காமல் இருக்கட்டுமே, ராயரே" என்று கெஞ்சினார் அமைச்சர்.

"கட்டிலோடு தூக்கி வரச் சொல்கிறேன்!" என்ற ராயர், தாமே முரசை வாங்கிக் கொட்டிக்கொண்டு கிளம்பினார். பந்தலைக் காலி செய்தார். கரையோரத் தெருக்களில் வீடு வீடாக விரட்டினார். சமையல்காரர், சலவைக்காரர், தொட்டில் குழந்தை என்று ஒருவரையும் விடவில்லை. ராஜாவின் பல்லக்கும் மேடேறியது.

மேட்டில் அமைச்சர் முகத்தில் புள்ளி குத்தினார்கள். கழுதைமேல் ஏற்றினார்கள். ஊர் சிரித்தது. கொற்றி மட்டும் சிரிக்காமல் ஆற்றையே பார்த்து நின்றாள். சூரியன் உச்சிக்கு வந்தது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். பசித்த கூட்டம், "விருந்துக்கு இறங்கலாமா?" என்று முணுமுணுத்தது. சிலர் இறங்கவே தொடங்கினார்கள்.

"ஐயா," என்றாள் கொற்றி மெதுவாக. "சேற்று வாசம் வருகிறது."

அடுத்த கணம் மலைப்பக்கம் ஓர் உறுமல். இறங்கியவர்கள் அலறிக்கொண்டு திரும்பி ஏறினார்கள். பனைமர உயரத்துக்குச் செந்நீர், வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுருட்டிக்கொண்டு வந்தது. பந்தல் போனது. அண்டாக்கள் போயின. கரையோரத் தெருக்கள் கூரையோடு போயின.

ராஜா மெல்லக் கேட்டார்: "கீழே யாராவது...?"

"ஒருவரும் இல்லை அரசே," என்றார் குழைக்காதர். "ராயர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை."

எல்லோரும் ராயரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு முரசை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"ராயரே, உம்முடைய பொறாமை இன்றைக்கு ஊரைக் காப்பாற்றியது. அதனால் உமக்குத் தண்டனை இல்லை," என்றார் ராஜா. "ஆனால் வெள்ளத்தில் போன அளவுக்கற்களுக்குப் பதிலாகப் புதுக்கற்களை நீரே சுமந்துபோய் நடும். எந்த இடத்தில் என்று கொற்றி சொல்வாள். அவள் சொல்படி கேளும்." தம் முத்துமாலையைக் கழற்றிக் கொற்றியிடம் கொடுத்தார்.

பிறகு கழுதையருகே வந்தார். "குழைக்காதரே, வெள்ளம் வராமலே போயிருந்தால்?"

"ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இறங்கிப்போய் விருந்து சாப்பிட்டுவிட்டு, அவரவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கும் அரசே. அப்படித்தான் நடக்கவேண்டும் என்று இவ்வளவு நேரமும் வேண்டிக்கொண்டிருந்தேன்."

ராஜா தம் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, அமைச்சர் முகத்திலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தாமே துடைத்தார்.