வெறும் இலை காணாத ராஜா

சத்தமில்லாமல் வரும், சாப்பிட்ட ஆளைத் தேடி வரும், சிம்மாசனத்தில் இருப்பவரையும் தலை கவிழ வைக்கும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். அவர் அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவின் இலையில் வெறும் இடம் தெரிந்தால் நாட்டுக்கே குறைச்சல் என்று பரிமாறுகிறவர்கள் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். மிச்சம் வைத்தால் உழவனுக்கு அவமரியாதை என்று ராஜா சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். பாத்திரங்கள் காலியானால்தான் இரு தரப்புக்கும் விடுதலை.

பிறகு சபை கூடும். குடிமக்களின் மனுக்களை அரண்மனை எழுத்தன் அருளாளன் படிப்பான். முதல் மனு முடிவதற்குள் ராஜாவின் கிரீடம் மூக்குக்கு இறங்கிவிடும்.

அருளாளனின் வேலையைத் தன் மருமகனுக்கு வாங்கித் தர ஆசைப்பட்டான் தளவாய் கரிகண்டன். "இவன் குரலில் மயக்கு வித்தை இருக்கிறது மகாராஜா. புலியைக் கொன்ற தங்களுக்கு வேறு எப்படித் தூக்கம் வரும்?" என்று ராஜாவின் காதில் ஓதினான்.

தன் வயிற்றின் மேல் பழி வராத எந்த விளக்கமும் ராஜாவுக்குப் பிடிக்கும். நாளைக்கும் தூக்கம் வந்தால் அருளாளன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டார்.

அருளாளனின் சின்ன மகள் குயிலி துணிமூட்டை கட்டத் தொடங்கினாள். அருளாளனோ மந்திரி தில்லைவிடங்கரிடம் ஓடி, சாப்பாடுதான் காரணம் என்று ராஜாவிடம் சொல்லும்படி கெஞ்சினான்.

"சொன்னால் உன்னோடு நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றார் மந்திரி. "நாளைக்கு வழக்கம்போலப் படி. குரலை மட்டும் மாற்றாதே."

மறுநாள் மந்திரி செய்த காரியத்தைக் கேட்டு அருளாளனும் மகளோடு சேர்ந்து மூட்டை கட்டினான். இவ்வளவு பெரிய சதியைக் கண்டுபிடித்த தளவாய்க்கு ராஜாவின் பக்கத்திலேயே இலை போட வேண்டும் என்று அவரே சிபாரிசு செய்தார். கரிகண்டன் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

விருந்தாளிக்கு முதலில் பரிமாறுவது முறை. அவர் இலையிலும் வெறும் இடம் தெரியக்கூடாது. பாத்திரங்களோ வழக்கமான அளவுதான்.

"நாட்டைக் காத்தவர், இன்னும் கொஞ்சம் நெய் விடுங்கள்," என்று மந்திரி பக்கத்தில் நின்று உபசரித்தார். ராஜாவே சொல்லாத 'போதும்' என்ற வார்த்தையைச் சொல்லத் தளவாய்க்கு நா எழவில்லை. பாயசம் வந்தபோது ராஜாவுக்கு இரண்டு கரண்டிதான் தேறியது.

சபை கூடியது. வாசலில் மூட்டையோடு குயிலி நின்றாள். அருளாளன் குரலை மாற்றாமல் படித்தான். வாய்க்கால் தகராறு, காணாமல் போன எருமை என்று ஒவ்வொன்றுக்கும் ராஜா குறுக்குக் கேள்வி கேட்டார். நடுவில் ஒரு குறட்டை கேட்டது. சபை முழுவதும் பழக்கத்தில் ராஜாவைப் பார்த்தது. ராஜா தளவாயைப் பார்த்தார். அவன் தூணில் சாய்ந்து கிடந்தான். தட்டி எழுப்பினார்கள்.

"இவன் குரல் உம்மை மட்டும்தான் மயக்குமா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லை மகாராஜா, சாப்பாடு கொஞ்சம் அதிகமாகிவிட்டது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. மந்திரி கூரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா வெகுநேரம் தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அருளாளன் வேலையில் நீடிக்கலாம் என்றார். மந்திரிக்கு முத்துமாலை கொடுத்தார். தளவாய் இனி தினமும் தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நேராகச் சபைக்கு வந்து நின்றபடி காவல் காக்க வேண்டும் என்றார். தளவாய் இந்தக் கௌரவத்தை வாங்கிக்கொண்டு விழித்தான்.

குயிலிக்கும் ஒரு விருந்து உண்டு என்றார்கள். ராஜாவின் பக்கத்தில் உட்காரலாம். இல்லாவிட்டால் சமையற்கட்டில் சாப்பிடலாம். எங்கே 'போதும்' என்று சொல்லலாம் என்று அவள் கேட்டாள். சமையற்கட்டில் சொல்லலாம் என்றார்கள். அவள் சமையற்கட்டில் சாப்பிட்டாள்.