கட்டுத்தறியில் கோணவலசு

கோணவலசுக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடியே நடக்கும். அதனாலேயே யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

அந்த வருஷம் நல்ல மழை பெய்தும் ஊர் மேய்ச்சல் காட்டில் புல் எழும்பவில்லை. தெய்வாத்தாவின் செவலைப் பசு ஆறு மாதச் சினை. அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம். கன்று தங்குமோ தங்காதோ என்ற பயத்தில் அவள் கால்நடை டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் மேய்ச்சல் காட்டில் ஒரு புல்லைப் பிடுங்கினார். வேர் விரல் நீளம் இறங்கி, அதற்குமேல் போக வழியில்லாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது.

"மாடு மிதிச்சு மிதிச்சு மண்ணு இறுகிப் போச்சுங்க. மூணு மாசத்துக்கு மாட்டுக் கால் இங்க படக்கூடாது. வேர் இறங்குதான்னு அப்பப்ப பாத்துக்குங்க."

அன்றே மாடுகளெல்லாம் கட்டுத்தறிக்குப் போயின. சோளத்தட்டுதான் தீனி. எந்த மாடாவது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டால்? ஊரிலிருந்த நாற்பது பேரும் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து காவல் காத்தார்கள். 'காட்டை மிதிக்காதீர்' என்று ஒரு பலகை எழுதி நட்டநடுவில் நட்டார்கள். ஊரே ஒருமுறை நடந்துபோய்ப் படித்துவிட்டு வந்தது.

வேரையும் மறக்கவில்லை. தினமும் காலையில் புல்லைப் பிடுங்கி அளந்தார்கள். திரும்ப நட்டு, ஆடாமல் நிற்கக் குதிகாலால் நாலு மிதி மிதித்தார்கள்.

"இன்னைக்கும் விரல் நீளந்தான்" என்றார் ஊர்த்தலைவர் பொங்கியண்ணன்.

"மிதி பத்தலீங்களோ?" என்றாள் தெய்வாத்தா.

எட்டு மிதி ஆக்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் வந்தபோது காடு தார் ரோடாகக் கிடந்தது. புல் இருந்தது ஒரே இடத்தில்தான். கட்டுத்தறிக்குப் பின்னால், யாரும் கால் வைக்கப் பிடிக்காத சாணிக் குப்பைமேட்டில், இடுப்பு உயரத்துக்கு நின்றது. ஒன்றைப் பிடுங்கினார். முழங்கை நீளத்துக்கு வேர்.

"மாட்டையா கட்டுனீங்க? கட்டிப்போட வேண்டியது உங்களைத்தான்!" என்று கத்திவிட்டு வண்டியேறிப் போனார்.

ஊர் கூடிப் பேசியது.

"படிச்சவர் சொல்லிட்டாரு. ஆனா கட்டுத்தறி மொளக்குச்சி அத்தனையிலும் மாடு கட்டியிருக்குதே?"

"அவுத்து உட்றலாம்."

மத்தியானத்துக்குள் நாற்பது பேரும் கட்டுத்தறியில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் கட்டிவிட்டார்கள். மிஞ்சிய பொங்கியண்ணன் பல்லால் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

செவலை குப்பைமேட்டுக்குப் போய் வயிறு முட்ட மேய்ந்தது. பொழுது சாய்வதற்குள் ஆள் துணையில்லாமலே ஒரு காளைக்கன்றை ஈன்றது. தெய்வாத்தா தன்னைக் கட்டிய கயிற்றோடு சந்தோஷத்தில் அழுதாள். அப்புறம் அவளுக்குப் பசித்தது.

"நமக்கு யாருங்க தீனி வெப்பாங்க?"

பொங்கியண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல ஆத்தா? இத்தனை நாள் நாம வெச்சோம்."

நாற்பது பேரும் கழுத்தை நீட்டி, மாடுகள் வருகிற வழியைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.