பின்சீட்டில் கோமதிநாயகம்

ஆவுடைச்செல்விக்கு முப்பத்திரண்டு வயது. தென்காசிப் பக்கம் ஓர் ஊரில், பொதுத்திடலில் பெண்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளைவிட இருபது வயது மூத்த சொர்ணவடிவுகூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடாவிட்டால் கிளட்ச்சில் கை வைக்கவே விடமாட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. சுத்தப் பொய். ஆனால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பயிற்சி வண்டியில் கீழே விழாமல் திடலைச் சுற்றி வந்த அன்று சொர்ணவடிவு கேட்டாள்.

"டீச்சர், சொந்தமா ஓட்ட முதல் வண்டி எது சரிப்படும்?"

"நீங்க மனசுல எதை வெச்சிருக்கீங்க மதினி?"

"வீட்டுல அவுக புல்லட்டு சும்மாத்தான் நிக்கு. அதையே ஓட்டிருதேனே."

"அதையா!"

"முப்பது வருசமா அதுல போயிருக்கேன் டீச்சர். அதோட சத்தம், குலுக்கல் எல்லாம் எனக்கு அத்துப்படி."

ஆவுடைச்செல்வி சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும். சொர்ணவடிவின் புருஷன் கோமதிநாயகத்துக்குப் பார்வை மங்கிவிட்டது. இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனுஷன் வாசற்படி தாண்டவில்லை. ஆட்டோ வேண்டாமாம், பஸ் வேண்டாமாம். ஏறினால் புல்லட்டில்தான் ஏறுவாராம். ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போகாவிட்டால் மிச்சமிருக்கிற பார்வையும் போய்விடும். அந்தத் தவிப்பில்தான் சொர்ணவடிவு மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, கூச்சத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பைக் பழக வந்திருந்தாள்.

"நாளைக்கு புல்லட்டைக் கொண்டு வாங்க" என்றாள் ஆவுடைச்செல்வி. "அண்ணாச்சியும் வரட்டும்."

"அவுகளா? நல்லா வந்தாக!"

"வண்டி கிளம்பட்டும். வாராகளா இல்லையான்னு பாருங்க."

மறுநாள் மருமகன் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். சீட்டில் ஒரு கையை வைத்தபடி கோமதிநாயகமும் கூடவே நடந்து வந்தார். மருமகனை நம்பி வண்டியை விட அவருக்கு மனசு வரவில்லை. பெண்ணைக் கொடுத்தபோது இவ்வளவு யோசித்தாரா என்று தெரியாது.

"மதினி, ஏறி உக்காருங்க. அண்ணாச்சி, நீங்க பின்னாடி."

"எங்க போறோம்?" என்றார் கோமதிநாயகம்.

"எங்கேயும் போகல. சும்மா நிக்கப் போறோம்."

இருவரும் ஏறினார்கள். ஆவுடைச்செல்வி ஸ்டாண்டை எடுத்துவிட்டாள். சொர்ணவடிவுக்குக் கால் விரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன. பின்னால் புருஷன் லேசாக அசைந்தார். அவ்வளவுதான், வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது.

"ஆத்தாடி!"

டீச்சர் முன்னாலும் மருமகன் பின்னாலும் பாய்ந்து பிடித்தார்கள். நல்லவேளை, யாரும் விழவில்லை.

"முப்பது வருசமும் வண்டி நின்ன இடத்துல எல்லாம் கால் ஊனுனது யாரு மதினி?"

"அவுகதான்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நான் என்ன செய்வேன்? சீலையை ஒதுக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு இருப்பேன்."

கோமதிநாயகம் பக்கென்று சிரித்துவிட்டார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்ட சொர்ணவடிவு சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து பயிற்சி வண்டி. சின்ன வண்டி, மெலிந்த டயர். சொர்ணவடிவு உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. கோமதிநாயகம் தடவிப் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே பின்னால் ஏறினார்.

"என்னட்டி இது, சைக்கிளா?"

டீச்சர் ஸ்டாண்டை எடுத்தாள். கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். வண்டி சாயவில்லை.

"நிக்கு டீச்சர்! நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்!" சொர்ணவடிவு சின்னப்பிள்ளை மாதிரி கத்தினாள்.

கோமதிநாயகத்தின் முகம் மட்டும் இறுகிப்போய் இருந்தது.

"டீச்சரம்மா, புல்லட்டுல போய் வந்த ஆளு நான். இதுல போனா கடைத்தெருவுல சிரிக்கமாட்டானுவளா? இது எனக்கு ஏத்த வண்டியா, சொல்லுங்க?"

சொர்ணவடிவின் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. இப்போது இறங்கி வீட்டுக்குப் போனாரென்றால், இந்த மனுஷன் இனி வெளியே வரப்போவதில்லை. அவள் டீச்சரைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள் ஆவுடைச்செல்வி. "இது மதினிக்கு ஏத்த வண்டி."

கோமதிநாயகம் இறங்கவில்லை.

"ஏட்டி, கால் நல்லா எட்டுதா?"

"எட்டுதுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"ஆடாம அசையாம உக்காரணும் அண்ணாச்சி. மதினி முப்பது வருசமா செஞ்ச வேலைதான்."