மூணு மலை, எட்டுக் கவளம்

ஒரு ஊர்ல ஒரு வேன் இருந்துச்சு. ராஜா இல்ல, ராணி இல்ல, வேன்தான். வெள்ளை வேன். பின்கதவு ஒழுங்கா மூடாது. டமார் டமார்னு ரெண்டு தடவை சாத்தணும். நீ ‘ம்’ போட்டாத்தான் மேல சொல்லுவேன்.

“ம்.”

அந்த வேன்ல ஒரு குடும்பம் ஏறுச்சு. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். முதல்ல ஏறுனவரு அப்பாண்டை நயினார். எண்பத்தியோரு வயசு, ஆளு முருங்கைக்காய் மாதிரி இருப்பாரு. அப்புறம் அவரு மகன் நேமிராஜன். சட்டைப்பையில ஒரு பேப்பர் வெச்சிருப்பான், எத்தனை மணிக்கு எங்க ஒண்ணுக்குப் போகணும்னு கூட அதுல எழுதியிருக்கும். அப்புறம் மருமக ஜினமதி. இது அவ கதைதான். கடைசியா அவ மக வர்த்தினி, ஆறு வயசு.

“அது நானா?”

நீ இல்ல. உன்னை மாதிரியே ஒரு இம்சை. வேன் ஓட்டுறவரு பேரு காஜா. அவ்வளவுதான் ஆளுங்க, இன்னும் யாரு வருவாங்கன்னு கேக்காத.

கோடை லீவு. தெக்குப் பக்கம் மூணு மலைக்குப் போறாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அந்த மலைங்கள்ல சமண முனிவருங்க இருந்தாங்க, பாறையைக் குடைஞ்சு படுக்கை வெட்டுனாங்க, பாறை மேலயே சாமியைச் செதுக்குனாங்க. அதைச் சாகறதுக்குள்ள பாத்துடணும்னு பெரியவருக்கு ஆசை. ஆசையோட நிறுத்தியிருக்கலாம். கெளம்புற அன்னைக்கு வாசல்ல நின்னு ஒரு விரதம் வேற எடுத்துக்கிட்டாரு. அன்னன்னைக்கு அந்தந்த மலைச் சாமியைப் பாத்துட்டுத்தான் சாப்பாடு. ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, சூரியன் விழுந்துட்டா வாயில ஒரு பருக்கை படாது. அது அவரு பொறந்ததுலேர்ந்து இருக்கறது. அப்ப கணக்கு என்னாச்சு? சாமியைப் பாத்ததுக்கு அப்புறம், இருட்டுறதுக்கு முன்ன. அந்த நடுவுலதான் அவரு வயிறு மாட்டிக்கிச்சு.

“ம்.”

அவருக்கு நேத்து ஆக்குனது ஆகாது, கடைச் சாப்பாடு ஆகாது. அதனால ஜினமதி சின்ன கேஸ் அடுப்பு எடுத்துக்கிட்டா, ஒரு தூக்குச்சட்டி எடுத்துக்கிட்டா. வேன் கெளம்புறப்ப நாத்தனார் ஜன்னல்கிட்ட வந்தா. “ஏண்டி ஜினமதி, எங்கப்பாவைப் பட்டினி போட்டுக் கூட்டிட்டு வந்துடாத” அப்படின்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அந்தச் சிரிப்பை ஜினமதி பன்னெண்டு வருஷமாப் பாக்கறா. இன்னும் பன்னெண்டு வருஷத்துக்குச் சொல்லிக்காட்ட ஒரு பேச்சு அவளுக்குக் கெடைச்சிடக் கூடாதேன்னு இவளுக்குக் கவலை.

அப்புறம் வேன் போச்சு. கடகடகடகட.

முதல் மலை. பேப்பர்படி மத்தியானம் ஒரு மணிக்குப் போய்ச் சேரணும். நடுவழியில வேனு புஸ்ஸ்ஸ்னு பொகை விட்டுச்சு. காஜா மூடியைத் தொறந்து தண்ணி ஊத்துனாரு, ஆறட்டும்னாரு, பீடி குடிச்சாரு. நேமிராஜன் பேப்பரைப் பாத்தான், காஜாவைப் பாத்தான். “பேப்பர்ல இதையும் எழுதியிருக்கலாம் சார்” அப்படின்னாரு காஜா.

மலை அடிவாரத்துக்கு வர்றப்ப சாயங்காலம் அஞ்சு மணி. அவங்க வீட்டு வழக்கம், சாப்பாட்டோட மலை ஏறக் கூடாது. செருப்பும் சட்டியும் கீழயே இருக்கணும். அப்போ ஜினமதி தூக்கை வேன்லயே வெச்சுட்டு ஏறுனா. பெரியவரு ஒவ்வொரு படியா, தொக்கு தொக்குன்னு ஏறுனாரு. மேல சாமி எப்படி இருந்துச்சு தெரியுமா?

“ம்?”

சும்மா உக்காந்திருந்துச்சு. மழை பேஞ்சு பேஞ்சு மூக்கு தேஞ்சுபோச்சு. பெரியவரு முன்னாடி உக்காந்தாரு, கண்ணை மூடுனாரு, பஞ்ச மந்திரத்தை நூத்தியெட்டுத் தடவை சொல்ல ஆரம்பிச்சாரு. நடுவுல எழுப்ப யாருக்குத் தைரியம்? முடிச்சு, தொக்கு தொக்குன்னு எறங்கி வந்தாரு. ஜினமதி ஓடிப்போய்த் தூக்கைத் தொறந்தா. புளிச்சாதம், கமகமன்னு. பெரியவரு கையைக் கழுவிட்டு மேக்கால பாத்தாரு. சூரியன் டபக்குனு உள்ள போயிடுச்சு.

“ரெண்டு நிமிஷம்தானேப்பா, சாப்பிடுங்க” அப்படின்னான் நேமிராஜன்.

“அந்த ரெண்டு நிமிஷத்தை அவன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வா, சாப்பிடறேன்.” சூரியன் போன பக்கமா விரலைக் காட்டிட்டு வேன்ல ஏறிக்கிட்டாரு.

அப்போ போன் அடிச்சுது. நாத்தனார். “அப்பா சாப்பிட்டாரா?” ஜினமதிக்குப் பொய் வராது. வராதுன்னா நல்லவன்னு அர்த்தமில்ல, சொன்னா மாட்டிக்குவா, அவ்வளவுதான். “இல்லண்ணி” அப்படின்னா. அந்தப் பக்கம் டக்குனு போனை வெச்சுட்டா. அது திட்டுறதைவிட மோசம்.

தூங்கிட்டியா?

“இல்ல. அப்புறம்?”

ரெண்டாவது மலை. மலைன்னு பேருதான், பெரிய கரடு. அடியிலயே குகை, படி ஏற வேணாம். குகைக்கு இரும்புக் கம்பிக் கதவு, கதவுல பூட்டு. மத்தியானம் பன்னெண்டுக்கே போயாச்சு. சாவி வெச்சிருக்கற ஆளு அக்கா பேரனுக்குக் காதுகுத்துன்னு போயிருக்கானாம். வரட்டும்னு வேப்பமரத்தடியில உக்காந்தாங்க. ஜினமதி இந்தத் தடவை வெவரமா, வெளிய வந்த ஒடனே சாப்பிடட்டும்னு தூக்கைக் கதவுப் பக்கத்துக் கல்லு மேலயே வெச்சா. எலுமிச்சைச் சாதம்.

மணி மூணாச்சு. நாலாச்சு. பெரியவரு வெந்நீரை ரெண்டு மொடக்கு குடிச்சுட்டு மரத்துல சாஞ்சிருந்தாரு. காஜா பக்கத்துல வந்து உக்காந்தாரு.

“ஐயா, நாங்க நோம்பு வெச்சா எப்படா சூரியன் விழும்னு பாப்போம். நீங்க விழாம இருக்கணும்னு பாக்கறீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அது என்னதான் பண்ணும்?”

“உங்களுக்கு எத்தனை மணிக்கு விழும்?”

காஜா போனைப் பாத்தாரு. “இன்னைக்கு ஆறு முப்பத்தொண்ணு.”

“எங்களுக்கும் அதேதான்” அப்படின்னாரு பெரியவரு. பசியில சிரிச்சா வயிறு வலிக்கும். இருந்தும் சிரிச்சாரு.

ஆறேகாலுக்குச் சாவிக்காரன் வந்தான். கழுத்தெல்லாம் சந்தனம், வாயெல்லாம் வெத்தலை. தொறந்தான். கிறீச்ச்ச். பெரியவரு உள்ள போனாரு, பாத்தாரு, சுருக்கா வெளிய வந்தாரு. மணி ஆறு இருபத்திரெண்டு. ஒம்போது நிமிஷம் இருக்கு. ஜினமதி தூக்கைத் தொறந்தா.

“என்ன இருந்துச்சு?”

எறும்பு. சாதமே தெரியல. செவசெவன்னு, மொலுமொலுன்னு ஊருது.

வேற வீடா இருந்தா என்ன பண்ணுவாங்க? தட்டுவாங்க, ஊதுவாங்க, மேலாப்புல வழிச்சுப் போட்டுட்டு அடியில இருக்கறதைத் திம்பாங்க. இவங்க சமணருங்க. எறும்பைக் கொல்லக் கூடாது. நாலு பேரும் சுத்தி உக்காந்து ஒவ்வொரு எறும்பா எடுத்தாங்க. வேப்பிலைக் காம்பை நீட்டணும், அது ஏறணும், கொண்டுபோய் எறக்கணும், திரும்ப வரணும். “மெதுவா, கால் ஒடஞ்சிடப்போவுது” அப்படின்னு பட்டினி கெடக்கற மனுஷனே சொல்றாரு. காஜா கொஞ்ச நேரம் பாத்தாரு, அப்புறம் அவரும் ஒரு காம்பு ஒடிச்சுக்கிட்டு வந்து உக்காந்தாரு. முந்நூறு எறும்பு எடுத்திருப்பாங்க. இன்னும் முந்நூறு இருந்துச்சு. சூரியன் போயிடுச்சு.

“பழம் இல்லையா?”

இருந்துச்சு. மூணு வாழப்பழம். வர்த்தினி நாலு மணிக்கே தின்னுட்டா. மூணையும்.

“... ம்.”

போன் அடிச்சுது. “சாப்பிட்டாரா?” “இல்லண்ணி. எறும்பு.” “எறும்பா?” அப்படின்னா நாத்தனார். “நாளைக்கு என்ன, யானையா?”

மூணாவது நாளு. காத்தால லாட்ஜ் படி எறங்கறப்ப பெரியவருக்குக் கண்ணு இருட்டி, சர்ர்ருனு சரிஞ்சுட்டாரு. காஜா புடிச்சுக்கிட்டாரு. மலைக்குப் போற வேன் டாக்டர்கிட்ட போச்சு. நர்ஸம்மா குளுக்கோஸ் பாட்டிலோட வந்தாங்க.

“அது என்னம்மா?”

“ஒண்ணுமில்ல தாத்தா, சத்து.”

“வாய் வழியாப் போனாலும் கை வழியாப் போனாலும் அது சாப்பாடுதான். நான் இன்னும் சாமியைப் பாக்கல.”

அப்போ டாக்டர் வந்தாரு, படுத்தாவது கெடங்கன்னாரு. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் விட்டாரு. நேமிராஜன் பேப்பரைக் கிழிச்சுக் குப்பைத்தொட்டியில போட்டான். “இன்னைக்கும் சாப்பிடலைன்னா நேரா ஆஸ்பத்திரி, அப்புறம் ஊரு. நான் கேக்கமாட்டேன்” அப்படின்னு பொண்டாட்டிகிட்ட சொன்னான். அப்பாகிட்ட சொல்லத் தைரியமில்ல.

ஜினமதி டாக்டர் வீட்டுத் திண்ணைப் பக்கமா அடுப்பை மூட்டிச் சாதத்தைக் கொழைய வடிச்சா, தயிர் ஊத்திப் பெசஞ்சா. வாந்தி வராம எறங்கட்டும்னு. தூக்கை ஈரத்துணியால சுத்துனா. மடியில வெச்சுக்கிட்டா, கீழ வைக்கல.

வேன் போச்சு. கடகடகடகட.

மலையடிக்குப் போறப்ப ஆறு பன்னெண்டு. எறங்கிப் பாத்தா அங்க இருட்டு கவிஞ்சு கெடக்கு. பட்சியெல்லாம் அடைய வந்துடுச்சு, கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். பெரியவரு வேன் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

“விழுந்துடுச்சு” அப்படின்னாரு. “பரவால்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நாளைக்குன்னு ஒண்ணு கெடையாதுன்னு ஜினமதிக்குத் தெரியும். நேமிராஜன் முகத்தைப் பாத்தாலே தெரியுது. அவ மலையைப் பாத்தா. அடியில கருப்பு. நடுவுல கருப்பு. உச்சிப் பாறை மட்டும் மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி இருக்கு.

“மாமா, மேல வெயில் இருக்கு.”

எல்லாரும் பாத்தாங்க. சூரியன் விழல. மலைக்கு அந்தாண்ட நிக்குது, மலை மறைக்குது, அவ்வளவுதான்.

“பத்தொம்போது நிமிஷம் இருக்குங்கய்யா” அப்படின்னாரு காஜா.

“நூத்திப்பத்துப் படி. ஏறி, பாத்து, எறங்கி...” பெரியவரு தலையை ஆட்டுனாரு. “ஆவாது.”

“எறங்க வேணாம். சோறும் மேல வரும்.”

“சட்டியோட மலை ஏறறது வழக்கம் இல்லம்மா.”

ஜினமதி மாமனார்கிட்ட எதுத்துப் பேசுனவ இல்ல. தைரியம் இல்லாம இல்ல, அதுவரைக்கும் தேவைப்படல. “அதை நானும் மலையும் பேசித் தீத்துக்கறோம் மாமா. நீங்க ஏறுங்க.”

பெரியவரு அவளைப் பாத்தாரு. அப்புறம் மகனைப் பாத்தாரு. மகன் குனிஞ்சான். உப்புமூட்டை தூக்கிக்கிட்டான்.

தட் தட் தட் தட். நேமிராஜன் முன்னாடி, பின்னாடி தாங்கிக்கிட்டுக் காஜா, அப்புறம் தூக்கோட ஜினமதி, கடைசியா தண்ணிச் சொம்போட வர்த்தினி, பாதித் தண்ணியை வழியெல்லாம் கொட்டிக்கிட்டு.

“சின்னதுல நீ என் முதுகுல மூத்திரம் போயிருக்கடா” அப்படின்னாரு பெரியவரு மேலேர்ந்து.

“பதிலுக்குப் பதில் வேணாம்ப்பா” அப்படின்னான் நேமிராஜன். மூச்சு வாங்குது, பேச வேற பேசறான்.

ஐம்பதாவது படியில உக்காந்தாங்க. எண்பதுல உக்காந்தாங்க. நூத்திப்பத்துல வெயில் மூஞ்சியில பளீர்னு அடிச்சுது.

பாறையில சாமி. பெரியவரு எறங்கி நின்னாரு. நூத்தியெட்டுத் தடவை சொன்னா சூரியன் போயிடும். யாரும் சொல்லல, ஆனா எல்லாரும் அதைத்தான் நெனச்சாங்க. அவரு சாமியைப் பாத்தாரு, ஓரக்கண்ணால சூரியனைப் பாத்தாரு. ஒரே ஒரு தடவை சொன்னாரு. “பாக்கி நூத்தியேழை எறங்கறப்ப சொல்லிக்கறேன்” அப்படின்னு பாறைகிட்ட சொல்லிட்டுத் திரும்பிட்டாரு.

“சாமி சூரியனைப் புடிச்சு நிறுத்துச்சா?”

இல்ல. அந்தச் சாமி எதையும் புடிக்காது. தராது, கேக்காது, கண்ணை மூடி உக்காந்திருக்கும். உனக்கு அதிசயம் வேணும்னா வேற கதை கேளு.

“இதையே சொல்லு.”

சாமிக்குத் தள்ளி, மேக்கால பாத்த பாறையில உக்கார வெச்சாங்க. ஜினமதி துணியை அவுத்தா. எறும்பு இல்ல. உருட்டி உருட்டிக் கையில குடுத்தா. ஒரு கவளம். சூரியன் முழுசா இருக்கு. ரெண்டு. மூணு. மெல்லத் தெம்பில்ல, அப்படியே முழுங்கறாரு. “மூணு நிமிஷம்” அப்படின்னாரு காஜா. நாலு. அஞ்சு. சூரியன் பாதி. ஆறு. வர்த்தினி தண்ணி குடுத்தா. ஏழு. சூரியன் நகக்கீத்து.

எட்டாவது கவளம் கையில இருக்கு. வாய்க்குக் கொண்டுபோறாரு. போயிடுச்சு.

கை நின்னுச்சு. நாலு பேரும் அந்தக் கையையே பாத்தாங்க. “கையில எடுத்ததாச்சேப்பா, அதையாவது” அப்படின்னான் நேமிராஜன். பெரியவரு கையை எறக்குனாரு. கவளத்தைப் பாறை இடுக்குல மெதுவா வெச்சாரு. “இது நேத்து எறும்புங்களோட சொந்தக்காரங்களுக்கு. அதுங்களுக்கு ராத்திரி, பகல் கெடையாது.”

அப்புறம் போன் அடிச்சுது. எல்லாரும் ஜினமதியைப் பாத்தாங்க. அவ கையைத் தொடைச்சுட்டு எடுத்தா.

“சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு அண்ணி.”

“எவ்ளோ?”

“எட்டுக் கவளம்” அப்படின்னா. அப்புறம் அவளுக்குத்தான் பொய் வராதே. “ஏழு அவரு. ஒண்ணு எறும்பு.”

அந்தப் பக்கம் நாத்தனார் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பன்னெண்டு வருஷச் சிரிப்பு இல்ல, வேற.

“அப்புறம்?”

அப்புறம் ஒண்ணுமில்ல. நூத்தியேழு மந்திரம், நூத்திப்பத்துப் படி. சொல்லிக்கிட்டே எறங்குனாங்க. வேன் கதவை ரெண்டு தடவை சாத்துனாங்க. டமார். டமார்.

கதை மலையை விட்டு எறங்கியாச்சு. நீயும் கண்ணை மூடு.