ஏழாவது வரி

மரகதம்மாளின் மடம் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றில் சாயக்கழிவு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது.

அந்தக் கழிவைப் பற்றி விசாரிக்க மறுநாள் வரவிருந்த குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தாளில் இருப்பதை மட்டுமே விசாரிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஊரார் சொன்ன ஏழு கோரிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதும் வேலை சீடர் வெள்ளியங்கிரியிடம் வந்தது. அச்சகத்தில் முப்பது வருடம் ஆங்கிலப் பிழை திருத்தியவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

காலையில் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஆறு வரிகள். இடப்பக்கம் எண்கள் நூல் பிடித்தாற்போல் நின்றன. எல்லா வரிகளும் வினைச்சொல்லில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிந்தன. கடைசி வரிக்கு மட்டும் முற்றுப்புள்ளி.

"ஏழாவது எங்கே?" என்றார் மரகதம்மாள்.

"மயிலாத்தாள் சொன்னதா? எடுத்துட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"‘எம் புள்ள மேல தண்ணி பட்டாக் கத்துறா. நீங்க ஒருத்தராச்சும் வந்து அந்தக் கெணத்துல குளிச்சுப் பாருங்க.’ இது கோரிக்கையாம்மா? கூப்பாடு. மத்த ஆறும் ஒரே அச்சுல இருக்கு. இதையும் சேர்த்தா, எழுதத் தெரியாத கூட்டம்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே."

"என் தொழிலை எனக்குச் சொல்லித் தராதீங்க!"

தன் குரல் அவருக்கே கடுமையாகக் கேட்டது. யார் மேல் இவ்வளவு கோபம் என்று யோசித்தார். பிடிபடவில்லை. முப்பது வருடத்தில் எத்தனை வரிகளை அடித்து நீக்கியிருப்பார்! எழுதியவர்களின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மதியம் பந்தி. எல்லாரும் உட்காரும் வரை யாரும் இலையில் கை வைப்பதில்லை என்பது அந்த மடத்து வழக்கம். ஊரார் இருபது பேரும் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். வெள்ளியங்கிரிக்கு வலது முட்டி மடங்காது. எப்போதும்போல் காலை நீட்டி உட்கார்ந்தார்.

சோற்று வாளியோடு வந்த மரகதம்மாள் அவர் முன்னே நின்றார்.

"எந்திரிங்க. வரிசை கெடுது."

வெள்ளியங்கிரிக்குப் புரியவில்லை. மரகதம்மாள் குனிந்து அவருடைய இலையைச் சுருட்டி எடுத்தார்.

வெள்ளியங்கிரி சுவரைப் பிடித்து எழுந்து வெயிலில் போய் நின்றார்.

"எம் முட்டி மடங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மத்த இருபது பேரும் மடக்கித்தானே உக்காந்திருக்காங்க?"

"அதுக்காக? இத்தனை பேர் முன்னால? நாய் மாதிரி வெளியே நிறுத்துவீங்களா? எனக்குப் பசிக்காதா?"

இலைகளில் சோறு ஆவி பறந்தது. ஒருவரும் தொடவில்லை.

பந்தியின் கடைசியில் மடியில் குழந்தையோடு இருந்த மயிலாத்தாள் தன் இலையை ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

"இங்கன வாங்கய்யா. காலை நல்லா நீட்டி உக்காருங்க. எடம் இருக்குது."

குழந்தையின் கைகள் புண்ணாகிச் செதில் உதிர்ந்திருந்தன. வெள்ளியங்கிரி அதைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தார். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"எந்த இடத்துல போட்டாலும் அந்த வரி துருத்திக்கிட்டுத்தான் நிக்கும்!" என்று கத்தினார்.

மரகதம்மாள் மயிலாத்தாளின் பக்கத்தில் ஒரு புது இலையை விரித்தார்.

"உங்க காலும்தான். உக்காருங்க, சோறு ஆறுது."